லோடு கேட்கும், மோட்டார் கொடுக்கும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மோட்டார் பற்றியவை நிறைய. விவசாயி, மாணவி, வண்டி வாங்கப் போகிறவர் என்று ஆளாளுக்கு வேறு வேறு சிக்கல், ஆனால் எல்லாமே டார்க்குக்கும் (சுழற்றும் பலம்) வேகத்துக்கும் இடையில்தான் வந்து நிற்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க மோட்டார்தான்.

கேள்வி: டிப்ளமோ இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரிக்கல் படிக்கிறேன் சார். டார்க், ஆர்பிஎம், பவர் மூன்றுக்கும் ஃபார்முலா மனப்பாடம். பரீட்சையில் கணக்கும் போட்டுவிடுவேன். ஆனால் ஒரு மோட்டாரைக் கையில் கொடுத்து, "இது ஏன் இந்த வேகத்தில் ஓடுது, ஏன் இதைவிட வேகமா ஓடல?" என்று கேட்டால் பதில் வரமாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— பாலிடெக்னிக் மாணவி, ஓசூர்

பதில்: ஒரு 12 வோல்ட் டிசி மோட்டாரிலிருந்து ஆரம்பியுங்கள். பிரஷ் வைத்த சாதாரண மோட்டார் போதும். கூட ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துத் தொடரில் இணைத்து, மோட்டாரைச் சும்மா ஓடவிடுங்கள். அரை ஆம்பியர் அளவில் ஏதோ காட்டும். இப்போது ஷாஃப்டை ஒரு தடித்த துணியால் லேசாகப் பிடியுங்கள். வேகம் குறையும், அதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். உங்கள் கண் மீட்டரில் இருக்கட்டும். கரண்ட் ஏறும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஏறும், விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பேட்டரியில் நீங்கள் எதையும் மாற்றவில்லை. கை எவ்வளவு எதிர்த்ததோ அவ்வளவு டார்க்கை மோட்டார் கொடுத்தது, அதற்கு வேண்டிய கரண்ட்டைத் தானே இழுத்துக்கொண்டது. இந்த மோட்டார் இவ்வளவு டார்க் தரும் என்று தகட்டில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு, அது எப்போதும் அவ்வளவு தந்துகொண்டே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லோடு கேட்பதைத்தான் மோட்டார் கொடுக்கும், கொடுக்க முடிகிற வரைக்கும்.

சரி, இவ்வளவு கரண்ட் வேண்டும் என்று மோட்டாருக்கு எப்படித் தெரிகிறது? சுழலும் மோட்டார் எதுவாக இருந்தாலும் அது ஒரு ஜெனரேட்டரும்கூட. காந்தப்புலத்துக்குள் சுருள் சுற்றும்போது அதில் ஒரு வோல்டேஜ் பிறக்கிறது, அது பேட்டரிக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது. இதுதான் பேக் இஎம்எஃப். பேட்டரியின் 12 வோல்ட்டில் இந்த எதிர் வோல்டேஜ் போக மீதி என்னவோ அதுதான் வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸ் வழியாகக் கரண்ட்டை ஓட்டுகிறது. லோடு கூடி வேகம் குறைந்தால் எதிர் வோல்டேஜும் குறையும், மீதி கூடும், கரண்ட் ஏறும், டார்க் ஏறும், லோடுக்குச் சரியாக வந்ததும் அந்த வேகத்திலேயே நின்றுவிடும். உங்களிடம் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுவே: லோடு கேட்கும் டார்க்குக்கு எவ்வளவு கரண்ட் வேண்டுமோ, அவ்வளவு மட்டும் உள்ளே வருகிற வேகத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்களோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், சும்மா ஓடும்போது 0.5 ஆம்பியர், வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைப்போம். ரெசிஸ்டன்ஸில் அரை வோல்ட் போய்விடும், ஆக எதிர் வோல்டேஜ் 11.5. நிமிடத்துக்கு 3000 சுற்று என்பது நொடிக்கு 314 ரேடியன். 11.5-ஐ 314-ஆல் வகுத்தால் 0.0366. இந்த ஒரு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதற்கு இரண்டு வேலை உண்டு: நொடிக்கு ஒரு ரேடியன் வேகத்துக்கு எத்தனை வோல்ட் பிறக்கும் என்பதும் இதுதான், ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் கிடைக்கும் என்பதும் இதுதான். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் கிடையாது. உள்ளே போகும் மின்திறனில் சூடாகாத பங்கு அப்படியே சுழற்சியாக வந்தாக வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும்.

இப்போது லோடு போட்டு 4 ஆம்பியர் வரை ஏற்றுங்கள். எதிர் வோல்டேஜ் 8, வேகம் கிட்டத்தட்ட 2090 சுற்று, டார்க் 0.146 நியூட்டன் மீட்டர், அதில் பேரிங், பிரஷ் உராய்வுக்கு 0.018 போய்விடும். உள்ளே போனது 48 வாட், வைண்டிங் சூட்டில் 16 வாட், உராய்வில் 4, ஷாஃப்டில் கிடைப்பது 28 வாட் அளவு. ஷாஃப்டை அசையவிடாமல் பிடித்துவிட்டால் எதிர் வோல்டேஜ் பூஜ்யம், கரண்ட் 12 ஆம்பியர், டார்க் உச்சத்தில் 0.44. ஆனால் வேகமே இல்லாததால் வெளியே வரும் திறன் பூஜ்யம், 144 வாட்டும் செம்புக்குள்ளேயே சூடாகிறது. மோட்டார் கருகுவது இப்படித்தான். இதை மட்டும் செய்து பார்க்காதீர்கள், மீட்டர் ஃபியூஸும் போய்விடும்.

முடிந்தால் இன்னொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை டிரில்லிங் மெஷினில் மாட்டி 1000 சுற்றில் சுற்றுங்கள், முனைகளில் 3.8 வோல்ட் அளவுக்கு வரும். மேலே சொன்ன எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போட்டு மீட்டரில் சரிபார்க்கலாம். அந்த வோல்ட் கணக்கோடு ஒத்துப்போவதைக் கண்ணால் பார்த்தபிறகு ஃபார்முலாவை மறக்கவே முடியாது.

கேள்வி: எங்கள் கிணற்றில் 7.5 எச்பி மும்முனை மோட்டார். இரவில் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது ஒழுங்காகத் தண்ணீர் எடுக்கிறது. பகலில் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் போட்டதும் உறுமிக்கொண்டே நிற்கிறது, இல்லையென்றால் கொஞ்ச நேரம் ஓடி ரிலே டிரிப் ஆகிறது. ஒருமுறை காயில் கட்டியாகிவிட்டது. மெக்கானிக் 10 எச்பி போடச் சொல்கிறார். போடலாமா?
— விவசாயி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. முதலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டர் முனையில் வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நிற்கும்போது 400 காட்டிவிட்டு, ஓட ஆரம்பித்ததும் 330-க்கு இறங்கினால் நோய் லைனில் இருக்கிறது, மோட்டாரில் இல்லை.

இண்டக்‌ஷன் மோட்டாரின் கதை டிசி மோட்டாரிலிருந்து கொஞ்சம் வேறு. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், இரண்டு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும், நான்கு துருவத்தில் 1500. ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டே ஓடும், ஆனால் எட்டிப் பிடிக்காது, பிடித்துவிட்டால் ரோட்டரில் கரண்ட்டே பிறக்காது, டார்க்கும் பூஜ்யம். அதனால்தான் பெயர்த்தகட்டில் 2880, 1440 என்று போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளிதான் ஸ்லிப். லோடு கூடினால் ஸ்லிப் கூடும், கரண்ட் கூடும், டார்க் கூடும். முதல் பதிலில் பேக் இஎம்எஃப் செய்த வேலையை இங்கே ஸ்லிப் செய்கிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்த மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415-க்குப் பதிலாக 330 வந்தால் வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் டார்க் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதன்மேல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டாரில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு டெல்டாவில் முழு வோல்டேஜுக்கு மாற்றுவது) இருந்தால், ஸ்டாரில் நிற்கும்வரை கிடைப்பது நேரடியாகப் போட்டால் கிடைப்பதில் மூன்றில் ஒன்று. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், முழு வோல்டேஜில் நேரடியாகக் கிடைக்கும் ஸ்டார்ட்டிங் டார்க்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் தேறும். பம்ப் பாதி வழியிலேயே திணறுகிறது, உங்கள் காதுக்குக் கேட்கும் உறுமல் அதுதான். ஒருவழியாக ஓடிவிட்டாலும் பம்ப் கேட்கும் திறன் அப்படியே இருக்கிறது, வோல்டேஜ் குறைந்த அளவுக்குக் கரண்ட் ஏறியாக வேண்டும். கரண்ட் 20 சதவீதம் ஏறினால் வைண்டிங் சூடு 44 சதவீதம் ஏறும், அதுவும் வர்க்கக் கணக்குதான். இன்சுலேஷனின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் நம்பி வைத்திருக்கும் கணக்கு. உங்கள் காயில் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே பம்புக்கு 10 எச்பி மோட்டார் போட்டால் டார்க் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், மெக்கானிக் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது அது இன்னும் பெரிய கரண்ட்டை இழுக்கும், நேரடி ஸ்டார்ட்டரில் முழு லோடு கரண்ட்டைப் போல ஆறேழு மடங்கு, லைன் அதற்கு இன்னும் படுக்கும். பக்கத்துக் கிணற்றுக்காரரும் இதே யோசனையில் 10 எச்பி போட்டால் அப்புறம் யாருக்கும் ஓடாது. மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு வரை போகும் வயரின் தடிமன், ஜாயின்ட்கள், மெயின் சுவிட்சில் கருகிய முனை இருக்கிறதா, மூன்று பேஸிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். கெபாசிட்டர் போட்டிருந்தால் அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்கள் நேரம் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள், மின்வாரியத்தில் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ரிலேயை மட்டும் கட்டைபோட்டு ஓட்டிவிடாதீர்கள். டிரிப் ஆகும் ரிலேதான் உங்கள் காயிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சரக்கு ரயில் இழுக்கும் டபிள்யூஏஜி-9 இன்ஜினும் எக்ஸ்பிரஸ் இழுக்கும் டபிள்யூஏபி-7 இன்ஜினும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார் நண்பர். ஒன்று 100 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, மற்றது 140 வரை போகிறதே, எப்படி ஒன்றாகும்?
— ரயில் ஆர்வலர், ஈரோடு

பதில்: நண்பர் சொல்வது சரி. டார்க்கையும் வேகத்தையும் புரிந்துகொள்ள இந்த இரண்டு இன்ஜின்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டிலும் ஆறு மும்முனை இண்டக்‌ஷன் மோட்டார்கள், அதே வகை, ஒவ்வொன்றும் 850 கிலோவாட். முக்கியமான வித்தியாசம் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் பல்சக்கரத்தில். சரக்கு இன்ஜினில் பற்களின் விகிதம் 77-க்கு 15, அதாவது மோட்டார் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பயணிகள் இன்ஜினில் 72-க்கு 20, மோட்டார் 3.6 சுற்றுக்குச் சக்கரம் ஒன்று.

விளைவைப் பாருங்கள். சரக்கு இன்ஜின் புறப்படும்போது அதிகபட்சம் 460 கிலோநியூட்டன் விசையோடு இழுக்கிறது, பயணிகள் இன்ஜின் 323 அளவு. 460-ஐ 323-ஆல் வகுத்தால் 1.42. இரண்டு பல் விகிதங்களை வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான், 1.43 வரும். வேகத்தில் 140-ஐ 100-ஆல் வகுத்தால் 1.4. இழுவையில் கிடைத்த அளவு வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் மோட்டாரின் திறன் மாறவே இல்லை. திறன் என்பது டார்க்கையும் சுழல்வேகத்தையும் பெருக்கினால் வருவது, கியர் அந்தப் பெருக்கலின் இரு பக்கத்தையும் மாற்றிப் பிரித்துக் கொடுக்குமே தவிர, சொந்தமாக ஒரு வாட்கூட சேர்க்காது, உராய்வில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் கவனியுங்கள். பெட்ரோல் இன்ஜின் நின்ற நிலையில் டார்க் எதுவும் தராது, அதனால் கிளட்ச் வேண்டும், பல கியர் வேண்டும். மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு டார்க் தருவதால் ஆயிரக்கணக்கான டன் எடையை ஒரே கியரில் நகர்த்தத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டு மிக்ஸி 750 வாட், கிரைண்டர் 150 வாட்தான். ஆனால் அவ்வளவு கனமான கல்லைக் கிரைண்டர் சுழற்றுகிறது, மிக்ஸியில் கெட்டி மாவு போட்டால் நின்றுவிடுகிறது. வாட் அதிகம் என்றால் பலம் அதிகம் இல்லையா?
— பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வாட் என்பது டார்க்கும் வேகமும் சேர்ந்தது, அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் ஓடுகிறது. ஷாஃப்டில் 400 வாட் கிடைக்கிறது என்று வைத்தால் டார்க் 0.21 நியூட்டன் மீட்டர்தான். கிரைண்டர் மோட்டார் 1400 சுற்றில் 100 வாட் கொடுத்தால் 0.68. ஷாஃப்ட் அளவிலேயே மூன்று மடங்கு, அதன்பிறகு பெல்ட்டும் புல்லியும் வேகத்தை இன்னும் குறைத்து டார்க்கைப் பெருக்கிப் பாத்திரத்துக்குக் கொடுக்கின்றன. மிக்ஸிக்கு வேகம்தான் முக்கியம், பிளேடு வெட்டுவது வேகத்தால். கல் அரைப்பது எடையாலும் உரசலாலும், அதற்கு வேகம் தேவையில்லை, சொல்லப்போனால் வேகம் கூடினால் மாவு சூடாகிக் கெட்டுவிடும்.

மிக்ஸியில் இருப்பது சீரீஸ் மோட்டார், லோடு வந்ததும் வேகத்தை நன்றாக விட்டுக்கொடுத்து டார்க்கை ஏற்றும் ரகம். தேங்காய் போட்டதும் சத்தம் கீழே இறங்கி, அரைபட அரைபட மெல்ல மேலே ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள், அது வேகம் இறங்கி ஏறும் சத்தம். சத்தம் இறங்கியபடியே நின்றால் கரண்ட் ஏறிப்போய் இருக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அடியில் இருக்கும் சிவப்பு பட்டன் விழுவது அடுத்த கட்டம்.

கேள்வி: சேந்தமங்கலத்தில் இருக்கிறேன், வாரம் ஒருமுறை கொல்லிமலைக்கு இரண்டு பேராகப் போய்வர மின்சார ஸ்கூட்டர் வாங்க யோசனை. ஒரு ஷோரூமில் டார்க் 22 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள், இன்னொன்றில் 100-க்கு மேல் என்கிறார்கள். இப்போது வைத்திருக்கும் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரில் 9 என்றுதான் போட்டிருக்கிறது, அதுவே மலை ஏறுகிறதே. யார் சொல்வது உண்மை?
— வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: மூன்றுமே உண்மையாக இருக்கலாம், எங்கே அளந்தது என்பதுதான் விஷயம். பெட்ரோல் ஸ்கூட்டரின் 9 என்பது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில். அது சக்கரத்துக்குப் போவதற்குள் சிவிடி (பெல்ட்டால் விகிதம் மாறும் கியர்), கடைசிக் கியர் எல்லாம் சேர்ந்து பல மடங்கு பெருகிவிடும். மின்சார ஸ்கூட்டரில் சிலர் மோட்டார் ஷாஃப்டின் டார்க்கைச் சொல்கிறார்கள், சிலர் சக்கரத்தின் டார்க்கைச் சொல்கிறார்கள். மோட்டார் 22 கொடுத்து, நடுவில் எட்டு மடங்கு குறைப்பு இருந்தால் சக்கரத்தில் 170-க்கு மேல். அதே 22 சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரின் டார்க் என்றால், அங்கே கியர் கிடையாது, 22 என்றால் 22தான். ஆகவே கடையில் முதல் கேள்வி: "இது வீல் டார்க்கா, மோட்டார் டார்க்கா?"

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ. நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறும் சரிவில் பின்னுக்கு இழுக்கும் விசை 245 நியூட்டன், டயர் உருளும் எதிர்ப்புக்கு 35 சேர்த்தால் 280. சக்கரத்தின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்றால் 70 நியூட்டன் மீட்டர் வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் சரிவு இன்னும் செங்குத்து, 15 சதவீதம் என்று வைத்தால் 100 நியூட்டன் மீட்டர். எதிரே பஸ் வந்து வளைவிலேயே நின்று மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும், அந்தப் பாதையில் வளைவுகள் 70 என்பது உங்களுக்கே தெரியும், அதனால் சக்கரத்தில் 100-க்குக் கீழே இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஆனால் டார்க் மட்டும் பார்த்தால் போதாது. 280 நியூட்டன் விசையோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் சக்கரத்தில் 2.3 கிலோவாட் வேண்டும், 20-ல் ஏறினால் 1.6 போதும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பீக் பவர், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தரக்கூடியது. மலைப்பாதையில் மோட்டாருக்கு மூச்சுவிட இடைவெளி கிடையாது, தொடர்ந்து அதே கரண்ட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும், சூடு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கண்ட்ரோலர் தானாகக் கரண்ட்டைக் குறைத்துவிடும், வண்டி தவழும். கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, தொடர்ச்சியான பவர் எவ்வளவு என்பது. வாங்கும் முன் டெஸ்ட் டிரைவைக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வரைக்கும், இரண்டு பேரோடு கேளுங்கள், தரமறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பேட்டரிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 250 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரம் தூக்க 0.68 யூனிட், மோட்டார், கண்ட்ரோலர் இழப்பெல்லாம் சேர்த்தால் 0.85 யூனிட் அளவு, தூரத்துக்கான செலவு தனி. மேலே போய் முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி திரும்பி வரும் கரண்ட்டை ஏற்காது, ரீஜென் பிரேக் (மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை மட்டுப்படுத்துவது) வேலை செய்யாது, இறக்கம் முழுக்க சாதா பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: டிரோன் கட்டும் கல்லூரிக் குழுவில் இருக்கிறேன். கேவி குறைவான மோட்டாருக்கு டார்க் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது சரியா சார்?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஆம்பியருக்கு டார்க் அதிகம், அது சரி. மோட்டாருக்கு டார்க் அதிகம் என்பது தவறு. இந்த வித்தியாசம் தெரியாமல் மோட்டார் வாங்கிப் பணம் வீணாக்குகிறவர்கள் நிறைய, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று வந்துவிடும். 1000 கேவிக்கு 0.0095, 500 கேவிக்கு 0.019. இரண்டு மடங்கு, சந்தேகமில்லை. ஆனால் ஒரே சைஸ், ஒரே காந்தம் உள்ள மோட்டாரில் கேவியைப் பாதியாக்க என்ன செய்கிறார்கள்? சுற்றுகளை இரட்டிப்பாக்குகிறார்கள். அதே பள்ளத்துக்குள் இரண்டு மடங்கு சுற்று அடங்க வேண்டுமென்றால் கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியாகும். நீளம் இரண்டு மடங்கு, பரப்பு பாதி, ரெசிஸ்டன்ஸ் நான்கு மடங்கு. இப்போது ஒரே டார்க்குக்கு 500 கேவி மோட்டார் பாதி கரண்ட் எடுக்கும், கரண்ட்டின் வர்க்கம் கால் பங்கு, ரெசிஸ்டன்ஸ் நான்கு மடங்கு, பெருக்கினால் ஒன்று. அதே டார்க்குக்கு அதே சூடு. மோட்டாரின் எல்லை சூடுதான் என்பதால் இரண்டும் ஒரே டார்க்தான் தரும்.

அப்படியென்றால் பெரிய புரொப்பெல்லருக்கு ஏன் குறைந்த கேவி போடச் சொல்கிறார்கள்? பெரிய புரொப்பெல்லர் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் அது கேட்கும் டார்க் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், திறன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், மோட்டார் தாங்காது. உங்கள் பேட்டரி வோல்டேஜுக்கு அந்தக் குறைந்த வேகம் வருவதற்குத்தான் குறைந்த கேவி. பாதி கேவி போட்டு பேட்டரி வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் வேகம் பழையபடியே, கரண்ட் மட்டும் பாதி, வயரிலும் இஎஸ்சியிலும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இழப்பு குறையும், அது நிஜமான லாபம். உண்மையிலேயே டார்க் கூட வேண்டுமென்றால் மோட்டாரின் விட்டம் கூட வேண்டும், நீளம் கூட வேண்டும், அதில் விட்டத்துக்கே பலன் அதிகம். ஹப் மோட்டார்கள் தட்டுபோல அகலமாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றுகிறது. கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. காயில் போய்விட்டதா?
— வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் கெபாசிட்டர்தான். ஒற்றைப் பேஸில் காந்தப்புலம் தானாகச் சுற்றாது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், ஃபேனுக்கு எந்தப் பக்கம் கிளம்புவது என்றே தெரியாது. இரண்டாவது வைண்டிங்கில் கரண்ட்டை முன்னே தள்ளி அந்தப் புலத்தைச் சுழல வைப்பது கெபாசிட்டர். பழசாகி அதன் அளவு குறைந்தால் டார்க் குறையும், காற்றின் எதிர்ப்பைத் தாண்ட முடியாமல் வேகமும் குறையும். பழைய கெபாசிட்டரில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட்டில் புதுசு மாற்றுங்கள், பெரும்பாலான ஃபேன்களில் 2.5 இருக்கும். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவு போட்டுவிடாதீர்கள், வைண்டிங் சூடாகும். மாற்றும் முன் மெயினை நிறுத்துங்கள், சுவிட்சை மட்டும் நம்பவேண்டாம்.

கேள்வி: ஐடிஐயில் பயிற்சி தருகிறேன். டைனமோமீட்டர் எல்லாம் எங்களிடம் கிடையாது. கால் எச்பி மோட்டாரின் டார்க்கை மாணவர்களுக்கு எப்படி அளந்து காட்டுவது?
— பயிற்றுநர், திருநெல்வேலி

பதில்: ஒரு புல்லி, கொஞ்சம் பருத்தி பெல்ட், இரண்டு ஸ்பிரிங் தராசு இருந்தால் போதும். மோட்டார் ஷாஃப்டில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியை மாட்டி, அதன்மேல் பெல்ட்டை அரைச்சுற்று போட்டு, இரண்டு முனையையும் இரண்டு தராசில் கட்டி மேலே ஒரு இரும்புச் சட்டத்தில் தொங்கவிடுங்கள், ஒரு பக்கம் இறுக்க ஒரு திருகு. மோட்டார் ஓடும்போது திருகை இறுக்கினால் ஒரு தராசு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் காட்டும். ஒன்றில் 3 கிலோ, மற்றதில் அரை கிலோ என்றால் வித்தியாசம் 2.5 கிலோ, அதாவது 24.5 நியூட்டன், ஆரம் 5 சென்டிமீட்டர், டார்க் 1.22 நியூட்டன் மீட்டர். அந்த நேரத்தில் டாக்கோமீட்டர் 1420 காட்டினால் திறன் 182 வாட், கால் எச்பி என்பது 187 வாட், கிட்டத்தட்ட முழு லோடில் இருக்கிறீர்கள். பெல்ட் தடிப்பாக இருந்தால் அதில் பாதியை ஆரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மாணவர்கள் இதை விட்டுவிட்டு விடை வரவில்லை என்பார்கள்.

தராசை ஒருபோதும் கையில் பிடிக்க விடாதீர்கள், சட்டத்தில்தான் இருக்கவேண்டும். ஸ்டாப் பட்டன் அளவு எடுப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்த 182 வாட்டும் புல்லியில் சூடாகத்தான் போகிறது, அதனால் ஒவ்வொரு அளவையும் சீக்கிரம் எடுத்துவிட்டுத் திருகைத் தளர்த்திவிடுங்கள்.

இதே அமைப்பில் ஒரு சிறிய புல்லியை மாட்டி டிசி மோட்டாரையும் சோதித்துவிடலாம். கிடைமட்டத்தில் டார்க், நெடுக்கில் வேகம் என்று இரண்டு மோட்டாரையும் ஒரே கிராஃப் தாளில் வரையச் சொல்லுங்கள், அளவுகள் வேறு வேறாக இருப்பதால் டார்க்கையும் வேகத்தையும் அந்தந்த மோட்டாரின் சதவீதமாக மாற்றிக்கொள்ளட்டும். டிசி மோட்டாரின் கோடு சரிந்துகொண்டே வரும், இண்டக்‌ஷன் மோட்டாரின் கோடு அநேகமாகப் படுக்கையாகவே போகும். ஏன் என்று மாணவர்களையே விவாதிக்க விடுங்கள், பதிலுக்கு வேண்டியதெல்லாம் மேலே ஓசூர் மாணவிக்கும் தர்மபுரிக்காரருக்கும் எழுதியதில் இருக்கிறது. வரைந்த தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.